குப்பியில் வரும் ஃபாஸ்: செல்லைக் கொல்லாத சாவு ஏற்பி

லேபில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்லாக்கில் 'ரீகாம்பினன்ட் ஹியூமன் ஃபாஸ், எஃப்சி கைமெரா' என்ற பெயரைப் பார்த்தால் பெரும்பாலும் இப்படித்தான் நினைப்பார்: ஃபாஸ் என்பது செல்லைச் சாகடிக்கிற ஏற்பி, ஆகவே இதை வாங்கி செல்கள் மேல் விட்டால் செல்கள் சாகும். நடப்பது நேர் எதிர். இதை விட்டால், சாக வேண்டிய செல் பிழைத்துக்கொள்ளும். ஏன் அப்படி என்பது பிடிபட்டுவிட்டால், அந்தக் குப்பிக்குள் என்ன இருக்கிறது, அதை எப்படிச் செய்கிறார்கள், எதற்காக வாங்குகிறார்கள் என்பதெல்லாம் வரிசையாக விளங்கிவிடும். அதைத்தான் இங்கே அடிப்படையிலிருந்து சொல்லப் போகிறேன்.

முதலில் செல் சாவு. நம் உடம்பில் தினமும் பல ஆயிரம் கோடி செல்கள் சாகின்றன, கிட்டத்தட்ட அதே அளவுக்குப் புதிய செல்கள் வருகின்றன. அடிபட்டோ சூடுபட்டோ சாகிற செல் வீங்கி வெடித்து, உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே கொட்டி, அக்கம்பக்கத்தில் அழற்சியைக் கிளப்பிவிடும். ஆனால் தினசரி நடக்கும் சாவு அந்த வகை கிடையாது. இதில் செல் தானாகவே சுருங்கும், தன் டிஎன்ஏவைத் துண்டு துண்டாக்கும், சவ்வு கிழியாமலேயே சிறு சிறு உருண்டைகளாகப் பிரியும், பக்கத்தில் இருக்கும் செல்கள் அந்த உருண்டைகளை விழுங்கிவிடும். ஒரு சொட்டுகூட வெளியே சிந்தாது. 1972-இல் ஜான் கெர், ஆண்ட்ரூ வைலி, அலஸ்டேர் கரி மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில்தான் இதற்கு அப்போப்டோசிஸ் என்ற பெயர் வந்தது. பிறகு சி. எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் புழுவில் இதை எண்ணியே காட்டினார்கள்: அது வளரும்போது உருவாகும் 1090 உடல் செல்களில் 131 செல்கள், ஒவ்வொரு புழுவிலும் அதே 131, சொன்ன நேரத்தில் செத்துவிடும். இந்தப் புழு ஆராய்ச்சிக்காக சிட்னி பிரென்னர், ராபர்ட் ஹார்விட்ஸ், ஜான் சல்ஸ்டன் மூவருக்கும் 2002-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, செத்துப்போ என்ற உத்தரவு செல்லுக்கு எங்கிருந்து வருகிறது? சில சமயம் உள்ளிருந்தே வரும், டிஎன்ஏ சரிசெய்ய முடியாத அளவுக்குச் சேதமானால் அப்படி. சில சமயம் வெளியிலிருந்து, இன்னொரு செல்லிடமிருந்து வரும். அந்த வெளி உத்தரவைப் பெறுவதற்காகச் செல்லின் மேற்பரப்பில் நிற்கிற புரதங்களுக்குத்தான் சாவு ஏற்பிகள் என்று பெயர். டிஎன்எஃப் ஏற்பி 1, டிஆர்4, டிஆர்5 எல்லாம் இந்தக் குடும்பம். இதில் நான் ஃபாஸை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதன் கதைதான் ரொம்பத் தெளிவானது. சிடி95 என்று எழுதியிருந்தாலும், பழைய கட்டுரைகளில் ஏபிஓ-1 என்று இருந்தாலும் இதே புரதம்தான்.

ஏன் இத்தனை பெயர்? 1989-இல் இரண்டு குழுக்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இதைக் கண்டுபிடித்தன. ஜப்பானில் ஷின் யோனெஹாரா, ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் பீட்டர் கிராமர். இருவரும் செய்தது கிட்டத்தட்ட ஒரே வேலை: மனித செல்களை எலிக்குள் செலுத்தி, எலி உருவாக்கும் ஆன்டிபாடிகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார்கள். அவற்றில் ஒன்று, வேறு எந்த உதவியும் இல்லாமல், ஒட்டிக்கொண்ட செல்லை அப்படியே சாகடித்தது. அப்படியென்றால் அது ஒட்டுகிற இடத்தில் சாவுக்கான பொத்தான் போல ஏதோ இருக்க வேண்டும். 1991-இல் ஷிகேகாஸு நாகாடாவின் குழு அந்தப் புரதத்தின் ஜீனைப் பிரித்தெடுத்தது, 1993-இல் அதே குழு அந்த ஏற்பியைத் தேடி வந்து பிடிக்கும் இணைப்புரதத்தையும், அதாவது ஃபாஸ் லிகண்டையும், கண்டுபிடித்தது.

ஹைடல்பர்க் குழுவின் ஆன்டிபாடி எலிக்குள் வளர்த்த மனித லிம்போமா கட்டியைக் கரைத்துக் காட்டியதும், புற்றுநோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது என்று பலருக்கும் நம்பிக்கை வந்தது. அதுவும் நியாயமான நம்பிக்கைதான். ஆனால் எலியின் சொந்த ஃபாஸைப் பிடிக்கும் ஆன்டிபாடியை எலிக்கு ஊசி போட்டுப் பார்த்தபோது, 1993-இல், சில மணி நேரத்துக்குள் எலிகள் செத்தன. காரணம் கல்லீரல், கல்லீரல் செல்களின் மேல் ஃபாஸ் நிறைய இருக்கிறது, அவை மொத்தமாகச் செத்துப்போயின. ஃபாஸை உடம்பு முழுக்கத் தட்டிவிடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட நேரான சாட்சி தேவையில்லை.

மறுபக்கம், ஃபாஸ் இல்லாமல் போனால் என்ன ஆகும்? எல்பிஆர் என்று ஒரு எலி வகை உண்டு, நிணநீர்க் கணுக்கள் பெரிதாக வீங்கி, தன் உடம்பையே தாக்கும் ஆன்டிபாடிகளோடு வாழும். அதன் ஃபாஸ் ஜீனில்தான் பழுது என்று 1992-இல் தெரிந்தது. 1995-இல் மனிதக் குழந்தைகளிலும் அதே மாதிரி நோய், ஃபாஸ் ஜீன் பழுதால் வருவது உறுதியானது. ஏஎல்பிஎஸ் என்று அதைச் சொல்கிறார்கள். தொற்று வந்தால் டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் பல்கிப் பெருகும், தொற்று ஓய்ந்ததும் அந்தப் படையில் பெரும்பகுதி கலைய வேண்டும், அந்தக் கலைப்பில் ஃபாஸுக்குப் பங்கு இருக்கிறது. கலைக்க ஆளில்லை என்றால் கணுக்களும் மண்ணீரலும் வீங்கிக்கொண்டே போகும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம், அதாவது இந்தப் புரதத்தின் உடம்பு. மனித ஃபாஸ் 335 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. முதல் 25, அந்தப் புரதத்தை செல்லின் வெளிப்பக்கம் அனுப்பு என்று சொல்லும் முகவரிச் சீட்டு, வேலை முடிந்ததும் வெட்டி எறியப்படும். 26 முதல் 173 வரை செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி. அப்புறம் சவ்வைக் குறுக்கே துளைக்கும் சிறு துண்டு. மிச்சம் உள்ளே. வெளிப்பகுதியின் வேலை லிகண்டைப் பிடிப்பது. உள்பகுதியில் சாவுக் களம் என்று சுமார் 80 அமினோ அமில அளவில் ஒரு மடிப்பு இருக்கிறது, செல்லைச் சாகடிக்கும் வேலை தொடங்குவது அங்கேதான்.

லிகண்ட் மூன்று மூன்றாகச் சேர்ந்து நிற்கும் புரதம். அது வந்து பிடிக்கும்போது ஃபாஸ்களும் நெருங்கிக் கூடுகின்றன. வெளியே கூடினால் உள்ளேயும் சாவுக் களங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். அங்கே ஃபாட் என்ற புரதம் வந்து ஒட்டும், ஃபாட் மேல் காஸ்பேஸ்-8 வந்து ஒட்டும். காஸ்பேஸ் என்பது புரதத்தை வெட்டும் நொதி. தனியாக இருக்கும்வரை தூங்கும், பல காஸ்பேஸ்-8 நெருக்கமாக வந்ததும் ஒன்றையொன்று விழிக்க வைக்கும். விழித்தது காஸ்பேஸ்-3 போன்ற அடுத்த நொதிகளை வெட்டி விழிக்க வைக்கும், அவை செல்லின் நூற்றுக்கணக்கான புரதங்களை வெட்டித்தள்ளும். சில செல்களில் இது மட்டுமே போதும். கல்லீரல் செல் போன்ற வேறு சிலவற்றில் இந்தச் சமிக்ஞை போதாமல் மைட்டோகாண்ட்ரியாவையும் கூட்டுச் சேர்த்துக்கொள்ளும்.

குப்பியில் வருவது இந்தச் சங்கிலியில் எது என்று பாருங்கள். 26 முதல் 173 வரை மட்டும். வெளிப்பகுதி மட்டும்! சவ்வுத் துண்டு கிடையாது, ஆகவே செல்லில் குத்தி நிற்க முடியாது. சாவுக் களம் கிடையாது, ஆகவே ஃபாட் வர இடமில்லை. ஆனால் லிகண்டைப் பிடிக்கும் கை முழுசாக இருக்கிறது. ஒரு வீட்டுக்குப் போக வேண்டிய கடிதங்களை வழியிலேயே வாங்கிக்கொள்ள, அதே கதவு எண் எழுதிய வெற்றுத் தபால் பெட்டிகளைத் தெரு முழுக்க நட்டு வைத்த மாதிரி. கடிதம் பெட்டியில் விழும், வீட்டில் யாருக்கும் சேதி போய்ச் சேராது. கரைசலில் மிதக்கும் ஃபாஸ் வெளிப்பகுதி, லிகண்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, செல்லின் மேல் இருக்கும் உண்மையான ஃபாஸுக்கு லிகண்ட் கிடைப்பதில்லை, செல் பிழைக்கிறது.

பெயரில் வரும் எஃப்சி என்ன? மனித ஆன்டிபாடியின் வால் பகுதி அது, பெரும்பாலும் ஐஜிஜி1 வகையிலிருந்து எடுத்தது. ஃபாஸ் வெளிப்பகுதியின் ஜீன் துண்டையும் எஃப்சியின் ஜீன் துண்டையும் வரிசையாக ஒட்டி ஒரே ஜீனாக்கிவிட்டால், செல் அதை ஒரே சங்கிலியாகச் செய்துவிடும். இரண்டு வேறு மூலங்களிலிருந்து வந்த துண்டுகள் என்பதால்தான் கைமெரா என்கிறார்கள். இதில் லாபம் என்னவென்றால், எஃப்சிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து கந்தகப் பாலம் போட்டுக்கொள்ளும், அதனால் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரண்டு ஃபாஸ் கைகள் கிடைக்கும். மூன்றாக நிற்கும் லிகண்டை ஒற்றைக் கையால் பிடிப்பதைவிட இரண்டு கைகளால் பிடித்தால் பிடி பலமாக இருக்கும், சீக்கிரம் நழுவாது. சுத்திகரிப்பும் சுலபமாகிறது, அதைச் சொல்கிறேன்.

தயாரிப்பு எப்படி? ரீகாம்பினன்ட் புரதம், அதாவது ஜீனை வேறொரு செல்லுக்குள் வைத்துச் செய்யவைத்த புரதம், என்றதும் பலருக்கும் ஈ. கோலை பாக்டீரியா ஞாபகம் வரும், 1982-இல் மருந்தாக அனுமதி பெற்ற மனித இன்சுலின் அப்படித்தான் வந்தது. ஃபாஸுக்கு அது அவ்வளவாக ஒத்துவராது. இதன் வெளிப்பகுதியில் சிஸ்டீன் நிறைந்த மூன்று களங்கள் உள்ளன, அந்தச் சிஸ்டீன்கள் சரியான ஜோடிகளாகப் பிணைந்தால்தான் புரதம் சரியான வடிவத்தில் மடியும். ஈ. கோலையின் உட்புறம் அந்தப் பிணைப்புகளுக்கு ஏற்ற சூழல் இல்லை. போதாததற்கு ஃபாஸ் வெளிப்பகுதியில் இரண்டு இடங்களில் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்ட வேண்டும், அதையும் ஈ. கோலை செய்யாது. ஆகவே பாலூட்டிச் செல்களிடம் போகிறார்கள். சீன வெள்ளெலியின் சினைப்பைச் செல்களான சிஎச்ஓ, அல்லது ஹெக் 293. இந்த 293 என்ற எண், 1973-இல் நெதர்லாந்தின் லைடனில் மனிதக் கருச் சிறுநீரகச் செல்லிலிருந்து அதை உருவாக்கிய ஃபிராங்க் கிரஹாமின் சோதனைகளின் வரிசை எண். அவருடைய 293-ஆவது சோதனை அது.

அந்தச் செல்களுக்குள் ஒட்டுஜீனை நுழைத்தால், அவை ஃபாஸ்-எஃப்சியைச் செய்து, வளர்ப்பு ஊடகத்திலேயே வெளியே விடும். செல்லை உடைக்க வேண்டிய தேவையே இல்லை. ஊடகத்தை எடுத்து, புரோட்டீன் ஏ பூசிய மணிகள் நிரப்பிய குழாய் வழியாக ஓடவிடுவார்கள். புரோட்டீன் ஏ என்பது ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவின் புரதம், எஃப்சியை இறுகப் பிடித்துக்கொள்ளும். மற்றதெல்லாம் கழுவிப் போய்விடும். அப்புறம் அமிலத்தன்மையுள்ள பஃபரை விட்டால் பிடி தளர்ந்து ஃபாஸ்-எஃப்சி இறங்கி வரும். இறங்கிய கையோடு நடுநிலைப்படுத்தும் பஃபரைச் சேர்த்துவிட வேண்டும், அமிலத்தில் நேரம் கழித்தால் புரதம் கெட்டுவிடும்.

வந்த புரதம் சரியானதுதானா என்று ஜெல்லில் ஓட்டி, எடைவாரியாகப் பிரித்துப் பார்க்கிற கட்டத்தில் புதியவர்கள் இரண்டு விஷயத்தில் திகைப்பார்கள். அமினோ அமிலக் கணக்குப்படி ஒரு சங்கிலிக்கு எடை 43 கிலோடால்டன் அளவில் வர வேண்டும், ஜெல்லிலோ கோடு அதைவிட மேலே, தடிமனாக, கொஞ்சம் மங்கலாக நிற்கும். அது அழுக்கு இல்லை. சர்க்கரைச் சங்கிலிகளால் வந்த கூடுதல் எடை, அவை ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரே நீளமாக இருக்காது என்பதால் வந்த மங்கல். இரண்டாவது, மெர்கேப்டோஎத்தனால் போன்ற ஒடுக்கி சேர்க்காமல் ஓட்டினால் கோடு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எடையில் நிற்கும், சேர்த்தால் பாதிக்கு இறங்கும். எஃப்சிகளுக்கு நடுவே இருந்த பாலத்தை ஒடுக்கி அறுத்துவிடுகிறது, அவ்வளவுதான். பக்கத்து பக்கத்து லேனில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தால் இது கண்ணுக்கு நேராகத் தெரியும், ஒரு தடவையாவது எல்லோரும் செய்து பார்க்க வேண்டும் என்பேன்.

குப்பியைத் திறக்கும்போதும் கவனம் வேண்டும். உறைய வைத்து உலர்த்திய புரதம் 50 அல்லது 100 மைக்ரோகிராம் தான் இருக்கும், சில குப்பிகளில் கண்ணுக்கே தெரியாது, காலியாக வந்துவிட்டது என்று தோன்றும். மூடியில் ஒட்டியிருக்கலாம், ஆகவே திறப்பதற்கு முன் சென்ட்ரிஃப்யூஜில் ஒரு சுற்று விட்டுக் கீழே இறக்குங்கள். குப்பியோடு வரும் தாளில் சொன்ன பஃபரை, சொன்ன அளவில் ஊற்றி, மெதுவாக உருட்டிக் கரைய விடுங்கள். வோர்டெக்ஸில் வைத்து உலுக்கினால் நுரை வரும், நுரையில் புரதம் கெடும். ரொம்ப நீர்த்த கரைசலில் புரதம் பிளாஸ்டிக் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும், ட்யூபில் இருக்கிறது என்று நீங்கள் நம்பும் அளவு உண்மையில் கரைசலில் இருக்காது. அதனால்தான் 0.1 சதவீத ஆல்புமின் சேர்க்கச் சொல்கிறார்கள். ஆல்புமின் சுவரை அடைத்துக்கொள்ளும், உங்கள் புரதம் தப்பிக்கும். பிறகு சிறு சிறு பங்காகப் பிரித்து மைனஸ் 80-இல் வைத்துவிடுங்கள். ஒரே ட்யூபைத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைப்பது இந்தப் புரதத்தைக் கெடுக்க நிச்சயமான வழி.

இனி சோதனை. இதற்குப் பெரும்பாலும் எடுப்பது ஜர்கட் செல், டி செல் ரத்தப் புற்றுநோய் கொண்ட ஒரு சிறுவனிடமிருந்து 1970-களில் வந்த வரிசை. 96 குழித் தட்டில் முதலில் ஃபாஸ் லிகண்டை ஒரே அளவில் விடுங்கள், மேலே ஃபாஸ்-எஃப்சியைக் குழிக்குக் குழி குறைத்துக்கொண்டே போங்கள். இரண்டையும் அரைமணி நேரம் போல ஒன்றாக இருக்க விட்டு, அதற்கப்புறம்தான் செல்களைச் சேர்க்க வேண்டும். இந்த வரிசை முக்கியம்: செல்லை முதலில் விட்டுவிட்டால் லிகண்ட் செல் மேலிருக்கும் ஃபாஸைப் பிடித்துச் சாவு வேலையைத் தொடங்கிவிடும், பிறகு ஃபாஸ்-எஃப்சி வந்து பயன் குறைவு. கரையும் வகை லிகண்ட் தனியாக ரொம்பப் பலவீனம் என்பதையும் மறக்க வேண்டாம். உடம்பில் இது செல் சவ்வில் கூட்டமாக நின்றுதான் வலுவாக வேலை செய்கிறது, அதனால் லேபில், லிகண்டின் முனையில் ஒட்டியிருக்கும் அடையாளக் குறியைப் பிடிக்கும் ஆன்டிபாடி ஒன்றைச் சேர்த்து லிகண்டுகளைக் கூட்டமாக்குவார்கள். இதைச் செய்யாமல் செல் சாகவே இல்லை, லிகண்ட் கெட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு.

முடிவில் ஃபாஸ்-எஃப்சி நிறைய இருக்கும் குழியில் செல்கள் உயிரோடு இருக்கும், குறையக் குறையச் சாவு ஏறும். பாதி விளைவு எந்த அளவில் வருகிறதோ அதைத்தான் தாளில் இடி50 என்று போட்டிருப்பார்கள். ஒரு கட்டுப்பாட்டுக் குழி மட்டும் எக்காரணம் கொண்டும் விடக்கூடாது: ஃபாஸ் இல்லாத வெறும் மனித எஃப்சி. செல்லைக் காப்பாற்றியது ஃபாஸ் கைதான், எஃப்சி வால் இல்லை என்று காட்ட வேறு வழியில்லை. மேக்ரோஃபேஜ் போன்ற நோயெதிர்ப்புச் செல்களில் எஃப்சியைப் பிடிக்கும் ஏற்பிகளே இருக்கின்றன, அங்கே இது இன்னும் அவசியம்.

ஆர்டர் போடும்போது நடக்கும் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ஃபாஸ் என்ற பெயரோடு மூன்று வகைப் பொருள்கள் விற்கின்றன. ஃபாஸ் லிகண்ட் கொல்லும். ஃபாஸ்-எஃப்சி காப்பாற்றும். மூன்றாவது ஃபாஸைப் பிடிக்கும் ஆன்டிபாடிகள், இதில்தான் சிக்கல், ஏனென்றால் குளோனை, அதாவது எந்தச் செல் வரிசை செய்த ஆன்டிபாடி என்பதைப் பொறுத்து விளைவு மாறும்: யோனெஹாராவின் சிஎச்11, ஐந்து அலகுகள் சேர்ந்த ஐஜிஎம் வகை, ஃபாஸ்களைக் கூட்டிக் கொல்லும், ஸெட்பி4 அதே ஃபாஸில் ஒட்டி லிகண்டுக்கு வழியை அடைக்கும், கொல்லாது. ஆகவே குளோன் பெயரைப் பார்க்காமல் ஃபாஸ் ஆன்டிபாடி என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், நினைத்ததற்கு எதிரான பொருள் வந்து சேரலாம்.

இந்தத் தந்திரம் மனிதர்கள் கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம், எனக்கு இதில் பிடித்த விஷயமே அதுதான். நம் செல்களே ஃபாஸ் ஜீனை வேறு விதமாக வெட்டி ஒட்டி, சவ்வுத் துண்டு இல்லாத கரையும் ஃபாஸைச் செய்கின்றன. டிசிஆர்3 என்று இன்னொரு புரதம், சாவுக் களமும் கிடையாது, சவ்வுத் துண்டும் கிடையாது, ஃபாஸ் லிகண்டைப் பிடிப்பது அதன் வேலைகளில் ஒன்று. நுரையீரல், பெருங்குடல் புற்றுக்கட்டிகள் பலவற்றில் அந்த ஜீனின் பிரதிகள் பெருகியிருப்பதை 1998-இல் கண்டார்கள். நோயெதிர்ப்புச் செல் லிகண்டோடு வரும்போது, கட்டி தன்னைச் சுற்றி அதைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தைப் பரப்பி வைத்திருக்கிறது.

மருந்திலும் இதே வடிவம் இருக்கிறது. முடக்குவாதத்துக்குத் தரும் எட்டனர்செப்ட், டிஎன்எஃப் ஏற்பி 2-இன் வெளிப்பகுதியோடு எஃப்சி ஒட்டியது, 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஏற்பி 2-இல் சாவுக் களம் கிடையாது என்றாலும் குடும்பம் ஒன்றுதான், டிஎன்எஃபைப் பிடித்து வைத்துக்கொள்ளும் முறையும் ஒன்றுதான். ஃபாஸ்-எஃப்சியையே ஏபிஜி101 என்ற பெயரில் கிளியோபிளாஸ்டோமா என்னும் மூளைக்கட்டி நோயாளிகளிடம் சோதித்திருக்கிறார்கள். மூளைக்கட்டியில் போய்ச் செல்லைக் காப்பாற்றுவதா என்று கேட்கத் தோன்றும். ஃபாஸ் எல்லாச் செல்லிலும் சாவைத்தான் சொல்கிறது என்று இல்லை. அந்தக் கட்டியின் செல்களில் அதே சமிக்ஞை சுற்றியுள்ள மூளைக்குள் ஊடுருவத் தூண்டுகிறது, அதைத் தடுப்பதுதான் அங்கே நோக்கம்.

அதற்காக லேபில் இருக்கும் குப்பியும் மருந்தும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. லேபிளில் ஆய்வுக்கு மட்டும் என்று அச்சிட்டிருப்பது சட்டத்துக்காக மட்டும் போட்ட வரி கிடையாது: அந்தப் புரதம் மனித உடம்பில் செலுத்தத் தேவையான கிருமிநீக்கம், பாதுகாப்பு, ஒவ்வொரு தொகுதியின் சீர்மை எதற்கும் சோதிக்கப்பட்டதில்லை. எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா எச்சத்தின் அளவுகூட மைக்ரோகிராமுக்கு 1 அலகுக்குக் கீழ் என்ற மாதிரிதான் தாளில் இருக்கும். ஜர்கட் செல்லுக்கு அது போதும். மோனோசைட், மேக்ரோஃபேஜ் வைத்துச் சோதனை செய்கிறவர்கள் மட்டும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வாங்குங்கள், அந்தச் செல்கள் கொஞ்சம் எண்டோடாக்சினுக்கே கிளர்ந்துவிடும், அப்புறம் கிடைத்த முடிவு ஃபாஸால் வந்ததா பாக்டீரியா எச்சத்தால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது.